ஆடுகளமும் கணக்கேடும்

கல்வி ஏட்டோடு முடிவதன்று. உடலும் உள்ளமும் ஒருங்கே வளரும்போதுதான் அது நிறைவுறும் என்று நாம் மேடைதோறும் பேசி வருகின்றோம். ஆயின் அவ்வுடல் வளர்ச்சிக்கென ஒரு கல்லூரி ஆண்டுதோறும் எவ்வளவு பொருள் பெறுகின்றது, அதனை எவ்வாறு பகுக்கின்றது, எதற்கெல்லாம் செலவிடுகின்றது என்று கேட்பின், மாணவர் மட்டுமன்றி ஆசிரியருள்ளும் பலர் விடையறியார். தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவலாம். பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைப் பகுத்துச் செலவிடுதல் ஆகிய நான்கினையும் ஆட்சித் திறமாக இறைமாட்சி அதிகாரத்தில் வைத்தவர் திருவள்ளுவர். நாட்டுக்குச் சொன்ன அந்நான்கும் ஒரு கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கும் பொருந்துவனவே. அவற்றுள் இறுதியாகிய பகுத்தலே ஈண்டு நாம் பெரிதும் கருதுவது. ஏனெனில் குறைந்த பொருளைப் பகுக்கும்போதுதான் யாருக்குக் கிடைக்கின்றது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது வெளிப்படும்.

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் காலாப்பட்டு வரும். ஒருபுறம் கடலும் மீனவர் வாழிடங்களும், மறுபுறம் செம்மண் மேடும் அமைந்த ஊர். 1985ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தோற்றுவிக்கப்பெற்ற புதுவைப் பல்கலைக்கழகம் இங்குதான் அமைந்துள்ளது. இப்பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் செலவினை அறிய விரும்புவோர் முதலில் நிலப்படத்தை விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுக்காரர் 1954இல் ஆட்சியை ஒப்படைத்து, 1962இல் அது சட்டப்படி உறுதியானபோது, நமக்கு வந்து சேர்ந்தது ஒரே நிலப்பரப்பன்று. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகக் கரையில். மாகி கேரளக் கரையில். ஏனாம் ஆந்திர மாநிலத்தில் கோதாவரிக் கரையில். இவற்றோடு அந்தமான் நிகோபார் தீவுகளும் பல்கலைக்கழகத்தின் ஆட்சி எல்லைக்குள் வைக்கப்பெற்றன. காரைக்கால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவு. மாகி 600 கிலோமீட்டருக்கும் அப்பால். ஏனாம் அதனினும் சேய்மை. தீவுகளுக்கோ கப்பலோ விமானமோ வேண்டும்.

பிற பல்கலைக்கழகங்களில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி என்றால் காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பலாம். இங்கோ மாகியிலிருந்து ஒரு கபடி அணி காலாப்பட்டுக்கு வரவேண்டுமாயின் இரு மாநிலங்களைக் கடந்து வரவேண்டும். ஆட்டம் நாற்பது நிமிடம். பயணமோ போக்கும் வரவுமாக இரண்டு நாள். பந்து வாங்குவதற்கு முன்பே பணம் பாதையில் கரைந்துவிடுகின்றது. வரலாறு நமக்கு விட்டுச்சென்ற செலவு இது. (பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்றவற்றுள் செலவில்லாத ஆட்டமும் ஒன்றுண்டு. இரும்புக் குண்டுகளை வீசி ஆடும் பெத்தாங் ஆட்டத்தைப் புதுவையில் இன்றும் காணலாம். கொஞ்சம் கெட்டித்தரையும் சில குண்டுகளும் போதும். நம் கல்லூரிகள் அதனை ஏன் பொருட்படுத்தவில்லை என்பது நமக்கு விளங்கவில்லை.)

இனி வரவினைக் காண்போம். நம் நாட்டுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கான வரவு பெரும்பாலும் மாணவர் சேர்க்கையின்போது செலுத்தும் விளையாட்டுக் கட்டணமேயாகும். அக்கட்டணம் இரு கிளையாகப் பிரிகின்றது. ஒரு பகுதி கல்லூரியிலேயே தங்கும். மற்றொரு பகுதி பல்கலைக்கழகத்திற்குச் செல்லும். பல்கலைக்கழகம் அதனைக் கொண்டும் தன் நிதியைக் கொண்டும் அணித் தேர்வு நடத்தி, பயிற்சி முகாம் வைத்து, அகில இந்தியப் போட்டிகளுக்கு அணிகளை அனுப்புகின்றது. பல்கலைக்கழக மானியக் குழுவும் ஐந்தாண்டுத் திட்டக் காலங்களில் விளையாட்டு அரங்கம், கருவிகள் ஆகியவற்றுக்குத் தனித் திட்டத்தின்கீழ் நிதி வழங்கி வந்தது. 2017 மார்ச்சோடு ஐந்தாண்டுத் திட்ட முறையே முடிவுற்றது. இவையன்றி நிர்வாகத்தின் கொடை, பழைய மாணவர் உதவி, ஊர்ப் பெரியவர்கள் வழங்கும் கோப்பைகள் ஆகியனவும் வரவில் சேரும்.

உடற்கல்வி இயக்குநரின் ஊதியம் இக்கணக்கில் சேராது. அரசு உதவி பெறும் பணியிடமாயின் அரசே அதனை வழங்கும். சுயநிதிப் பிரிவாயின் நிர்வாகம் வழங்கும். ஆனால் கோடு போட்டு, வலை கட்டி, புல் செதுக்கும் மைதானப் பணியாளரை யார் வைப்பது, அவருக்கு எந்தக் கணக்கிலிருந்து கூலி தருவது என்பது பல கல்லூரிகளில் தீராத வழக்கு. அவர் இல்லாத கல்லூரியில் அவ்வேலையை இயக்குநரும் மாணவருமே செய்கின்றனர்.

செலவு விளங்குதற்பொருட்டு ஒரு கற்பனைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். எண்கள் யாவும் கணக்கின் போக்கை உணர்த்த நாம் வைத்துக்கொண்டவை. மாணவர் 2000 பேர். ஆளுக்கு விளையாட்டுக் கட்டணம் 200 ரூபாய். அதில் 50 ரூபாய் பல்கலைக்கழகத்துக்குப் போக, கல்லூரியில் தங்குவது 150 ரூபாய். ஆக ஆண்டு வரவு 3,00,000 ரூபாய். கேட்பதற்குப் பெருந்தொகையாகத் தோன்றும். இப்போது கைப்பந்து அணி ஒன்றை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவோம். ஆட்டக்காரர் 12 பேர். இயக்குநரும் மேலாளரும் சேர்த்து 14 பேர். நான்கு நாள், நாளொன்றுக்கு ஒருவர்க்கு உணவுப்படி 400 ரூபாய் என்றால் 22,400. போய்வரும் கட்டணம் ஆளுக்கு 600 என்றால் 8,400. சீருடை 12 பேருக்கு 800 வீதம் 9,600. கூட்டினால் 40,400 ரூபாய். மூன்று இலட்சத்தில் இத்தகைய அணிகளை ஏழு முறை அனுப்பலாம். மிஞ்சுவது 17,200. அதற்குள் பந்து, வலை, இறகுப்பந்து, மைதானம், முதலுதவி, நடுவர் மதிப்பூதியம், ஆண்டு விளையாட்டு விழா அனைத்தும் அடங்கவேண்டும்!

அடங்காது என்பது வெளிப்படை. ஆகவே கல்லூரிகள் என்ன செய்கின்றன? உணவுப்படியைக் குறைக்கின்றன. சீருடையை இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று வைக்கின்றன. விடுதி அறைக்குப் பதிலாகப் போட்டி நடத்தும் கல்லூரியின் வகுப்பறைத் தரையில் பாய் விரித்துக்கொள்ளச் சொல்கின்றன. இரவெல்லாம் கொசுக்கடியில் கிடந்த பிள்ளை மறுநாள் காலை முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினால் அதற்குத் திறமைக் குறைவு என்று பெயர். இரயில்வே துறை விளையாட்டு வீரர்க்கு வழங்கி வந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட சலுகைகளுள் ஒன்றானபோது, பயணக் கணக்கு மேலும் கனத்தது.

மேற்கண்ட கணக்கில் இன்னொன்றையும் நோக்கவேண்டும். ஏழு அணி, அணிக்குப் பன்னிருவர் என்றால் 84 பேர். கட்டணம் செலுத்தியவரோ 2000 பேர். நூற்றுக்கு நால்வர்க்காகத் தொண்ணூற்றாறு பேர் செலுத்துகின்றனர். இதனை நாம் குறையென்று கூற வரவில்லை. நூலகத்திலும் எல்லாரும் எல்லா நூலையும் எடுப்பதில்லை. சிறந்தார் சிலரை ஊக்குவிப்பது கல்லூரியின் கடமையே. ஆயினும் எஞ்சிய 1916 பேர்க்கு மாலை வேளையில் ஒரு பந்தாவது கிடைக்கின்றதா என்ற கேள்வி நியாயமானது. பல கல்லூரிகளில் பந்து அறைக்குள் பூட்டிக் கிடக்கும். கேட்டால் அணிக்கு வேண்டும் என்பர்.

அந்த 84 பேரில் மாணவியர் எத்தனை பேர் என்பது அதனினும் கூரிய கேள்வி. நம் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் மகளிர்க்கெனச் சுழற்சி முறையில் தனிப்பிரிவு நடைபெறுகின்றது. அவர்களும் அதே விளையாட்டுக் கட்டணத்தைச் செலுத்துகின்றனர். ஆனால் அவர்கள் வகுப்பு முடியும் நேரத்தில் மைதானத்தில் வெயில் கொளுத்தும். அல்லது இருள் கவியும். வெயில் தாழ்ந்த நல்ல நேரம் ஆண்களுக்குரியதாகிவிடுகின்றது. மகளிர் அணி வெளியூர் செல்லப் பெண் ஆசிரியர் ஒருவர் உடன் செல்லவேண்டும், பூட்டத்தக்க தங்குமிடம் வேண்டும், பகற்பயணம் வேண்டும். இவையெல்லாம் செலவு. அச்செலவுக்குத் தலைப்பு இல்லாதபோது, அணி வேண்டாம் என்று முடிவாகின்றது. ஆண்டிறுதியில் "மகளிர் அணிக்கு ஆள் கிடைக்கவில்லை" என்று எழுதி, ஒதுக்கிய தொகை ஆடவர் கிரிக்கெட்டுக்கு மாற்றப்படுகின்றது. மறு ஆண்டு, சென்ற ஆண்டு செலவாகவில்லை என்று காரணம் காட்டி ஒதுக்கீடே குறைக்கப்படுகின்றது. ஆளில்லாமையால் பணமில்லை, பணமில்லாமையால் ஆளில்லை. இவ்வட்டத்தை உடைக்க ஒரே வழிதான் உண்டு: முதலில் பணத்தை வைப்பது. மகளிர் கபடிக் களம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமுமே கொண்டது. நான்கு பக்கமும் மறைப்புள்ள அவ்வளவு இடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்கும். வெளியூர் அனுப்ப வீட்டார் தயங்கும் பிள்ளைகளும் அங்கு விளையாடலாம். கட்டிய கட்டணத்தின் பயனை அடையலாம்.

பொருள்களைப் பொறுத்தவரை, கணக்கேட்டில் நிலைத்த பொருள், தேயும் பொருள் என இருவகை உண்டு. வலைக்கம்பமும் குண்டும் நிலைத்தவை. பந்தும் வலையும் தேய்பவை. தேய்பவற்றுள் கொடியது இறகுப்பந்து. வாத்து அல்லது அன்னவகைப் பறவையின் இறகுகள் 16 கொண்டு செய்யப்படும் அப்பந்து, நல்ல ஆட்டக்காரர் இருவர் மோதினால் ஓர் ஆட்டத்திலேயே சில உருவிழந்துவிடும். நைலான் பந்து பல நாள் உழைக்கும். ஆனால் போட்டியில் இறகுப்பந்தே பயன்படுவதால், நைலானில் பழகிய கை அங்கே தடுமாறும். இயக்குநர்கள் பெட்டி பெட்டியாக இறகுப்பந்து கேட்பதும், கணக்கர் ஐயுறுவதும் எல்லாக் கல்லூரியிலும் நடைபெறும் கதையே. இவ்விடத்து இயக்குநர் பக்கமே நியாயம் என்று நாம் கருதுகின்றோம்.

இப்பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் சுவையான செய்தி. பிரிவினைக்கு முன் இந்தியாவின் விளையாட்டுப் பொருள் தொழில் சியால்கோட் நகரில் செழித்திருந்தது. 1947இல் அந்நகர் பாகிஸ்தானுக்குள் சென்றதும், அங்கிருந்து புலம்பெயர்ந்த கைவினைஞரும் வணிகரும் ஜலந்தரிலும் மீரட்டிலும் தொழிலைத் தொடங்கினர். இன்றும் நம் கல்லூரிக் கடிதங்கள் விலைப்புள்ளி கேட்டு அவ்வூர்களுக்குச் செல்கின்றன. சியால்கோட் உலகுக்குக் கால்பந்து தைத்து அனுப்புகின்றது. எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரே கைத்தொழில்! 2025 செப்டம்பர் 22 முதல் விளையாட்டுப் பொருள்களுக்கான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. பொது உடற்பயிற்சிக் கருவிகளுக்கு இக்குறைப்பு இல்லை. உடற்பயிற்சிக் கூடம் அமைக்கவிருக்கும் நிர்வாகத்தினர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்வது நலம்.

காலாப்பட்டு போன்ற கடற்கரை ஊர்களில் மைதானப் பராமரிப்பு தனிச்செலவு. உப்புக்காற்று இரும்புக் கம்பத்தை விரைவில் துருவேற்றும். வண்ணம் பூசாமல் விட்டால் சில பருவங்களில் அரித்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. போட்டிகள் மிகுதியாக நடைபெறுவதும் அக்காலத்திலேயே. 400 மீட்டர் ஓடுதளத்தில் எட்டுத் தடங்கள் வரைய ஒன்பது கோடுகள் வேண்டும்; அதாவது மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேலான சுண்ணாம்புக் கோடு. மாலையில் போட்டு முடித்த கோட்டை இரவு மழை துடைத்துவிட்டால் காலையில் மீண்டும் அத்தனையும் போடவேண்டும். இரண்டாம் முறை வாங்கிய சுண்ணாம்புத் தூளுக்குத் தணிக்கையாளர் விளக்கம் கேட்பார். மழையைச் சான்றாக இணைக்க முடியாதே!

தணிக்கை என்றதும் காலக்கணக்கின் முரண்பாட்டைச் சொல்லவேண்டும். நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. கல்வியாண்டு ஜூன், ஜூலை வாக்கில் தொடங்குகின்றது. கட்டணம் வந்து சேர்ந்து, விளையாட்டுக் குழு கூடி, வரவுசெலவுத் திட்டம் ஒப்புதல் பெறுவதற்குள் முதற்சுற்றுப் போட்டிகள் தொடங்கிவிடும். ஆதலின் இயக்குநர் தம் கைப்பணத்தைப் போட்டு அணியை அழைத்துச் செல்வார். திரும்பி வந்து பற்றுச்சீட்டுகளை ஒட்டிக் கொடுத்தால், சாலையோரச் சிற்றுண்டிக் கடையின் சீட்டில் முத்திரை இல்லை என்று ஒரு தொகை வெட்டப்படும். மறுபுறம் மார்ச் மாதம் வந்தவுடன், மீதித் தொகை காலாவதியாகுமே என்ற அச்சத்தில் வேண்டியதும் வேண்டாததும் அவசரமாக வாங்கப்படும். அவ்வாறு வாங்கிய பந்துகள் விடுமுறை முழுதும் அறையில் கிடந்து காற்றிழந்து தோல் வெடிக்கும். பின்பு கண்டம் செய்யப்பெற்ற பொருள்களின் பட்டியலில் ஏறும். விதிமுறைகள் தேவையற்றவை என்பது நம் கருத்தன்று. சிறு தொகைக்கு மேற்பட்ட கொள்முதலுக்குப் பல கடைகளின் விலைப்புள்ளி பெறுதல், இருப்புப் பதிவேட்டில் ஏற்றுதல், படி பெற்ற மாணவனிடமே ஒப்பம் வாங்குதல் ஆகிய யாவும் பிறர் பொருளைக் காக்கும் வேலிகள். அப்பொருள் நம்மிடம் ஒப்படைக்கப்பெற்ற அமானிதம். ஆனால் ஜூலையிலேயே ஒரு முன்பணத்தை ஒப்புவித்துவிட்டால் வேலியும் நிற்கும், பயிரும் விளையும்.

உலகில் வேறு வகையான கணக்கும் உண்டு. அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் விளையாட்டுத் துறை ஒரு பெருவணிகமாகவே இயங்குகின்றது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை, கொடையாளர் நன்கொடை என்று ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகம், டெக்சாசுப் பல்கலைக்கழகம் போன்றவை ஆண்டுக்கு 20 கோடி டாலருக்கு மேல் ஈட்டுகின்றன. அங்கே ஆட்டத்துக்கு ஆள்சேர்க்கும் கால்பந்தும் கூடைப்பந்தும் ஈட்டுவதைக் கொண்டு நீச்சல், மல்யுத்தம் போன்றவை வாழ்கின்றன. 1972இல் வந்த சட்டம் அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலின வேறுபாட்டைத் தடைசெய்தமையால், மகளிர் அணிகளுக்கு இடமளிக்கும் கட்டாயமும் உண்டு. 2025 சூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்க்கு நேரடியாகவே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம். ஆனால் இப்படங்களைக் கண்டு மயங்கவேண்டா. அந்நாட்டிலும் பெரும்பான்மையான கல்லூரிகளின் விளையாட்டுத் துறைகள் ஈட்டுவதைவிட மிகுதியாகவே செலவிடுகின்றன. பற்றாக்குறையை மாணவர் கட்டணமும் கல்லூரிப் பொதுநிதியுமே நிரப்புகின்றன. பயிற்றுநர்க்குக் கோடிகளில் ஊதியம் தந்துவிட்டு, ஏழை மாணவன் கட்டணத்தில் துண்டு விழுவதை ஈடுசெய்யும் அம்முறை நமக்கு வேண்டுவதன்று. அவர்களிடமிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு, ஆடவர்க்கு எவ்வளவு, மகளிர்க்கு எவ்வளவு என்று பிரித்து ஆண்டுதோறும் அறிக்கை தருவது.

நம் நாட்டிலேயே பஞ்சாப் பகுதியை நோக்கலாம். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் முதன்மை பெறும் பல்கலைக்கழகத்துக்கு, விடுதலை இந்தியாவின் முதற் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரால் 1956-57 முதல் சுழற்கோப்பை வழங்கப்படுகின்றது. அமிர்தசரசிலுள்ள குருநானக் தேவ் பல்கலைக்கழகம் அதனை இருபது முறைக்கு மேல் வென்றுள்ளது. பாட்டியாலா, சண்டிகர் பல்கலைக்கழகங்களும் பலமுறை வென்றுள்ளன. தென்னாட்டார் பெயர் அப்பட்டியலின் உச்சியில் காண்டல் அரிது. உடல்வலிமையில் நாம் குறைந்தவர் என்று கூறித் தப்பித்துக்கொள்வது எளிது. ஆனால் அங்கே ஆட்டக்காரனின் உண்டியும் உறையுளும் பயிற்சியும் ஆண்டு முழுவதும் கணக்கில் ஏறுகின்றன. இங்கே போட்டிக்குப் புறப்படும் நாளில்தான் அவன் கணக்கில் ஏறுகின்றான். 2020இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் புதிய வாயிலைத் திறந்துள்ளன. அவ்வாயிலை அடையும் வரையுள்ள வழிச்செலவோ கல்லூரிகளின் தலையிலேயே நிற்கின்றது.

இறுதியாக நம் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். கல்லூரிக்குக் கொடை வழங்க விரும்புவோர் பெரும்பாலும் தம் தந்தையார் பெயரால் சுழற்கோப்பை வழங்குகின்றனர். வெள்ளிநிறக் கோப்பைகள் கண்ணாடிப் பேழையில் அடுக்கடுக்காக நிற்கின்றன. எதிரே ஓட்டைவலையில் பிள்ளைகள் ஆடுகின்றனர். இறகுப்பந்துக்கும் சுண்ணாம்புத் தூளுக்கும் யாரும் பெயர் பொறிப்பதில்லை என்பது உண்மைதான். வட்டி வருவாயை விரும்பாத நம்மவர்க்கு வேறு வழியும் உண்டு. பள்ளிவாசல்களுக்கும் மதரசாக்களுக்கும் நம் முன்னோர் கடைகளை எழுதி வைத்தது போன்று, கடைத்தெருவில் உள்ள ஒரு சிறு கடையின் வாடகையைக் கல்லூரி மகளிர் அணியின் பயணச் செலவுக்கென எழுதி வைக்கலாம். மாதம் 4000 ரூபாய் வாடகையென்றால் ஆண்டுக்கு 48,000. நாம் முன்னர்ப் போட்ட கணக்கின்படி ஓர் அணி, உடன் செல்லும் ஆசிரியையோடு, ஒரு போட்டிக்குச் சென்று திரும்ப அது போதும்; இரவில் பூட்டி உறங்க ஓர் அறை எடுக்கவும் 7,600 ரூபாய் மிஞ்சும்.